லார்டுக்குப் பின்னால் எந்தப் பெயர்? பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் கார்ன்வாலிஸ் பிரபு, பென்டிங்க் பிரபு, மெக்காலே பிரபு, கர்சன் பிரபு என்று வரிசையாக வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ‘பிரபு’தான். ஆனால் கார்ன்வாலிஸ் இந்தியா வந்தபோது ஏர்ல். திப்புவுடன் நடந்த போருக்குப் பிறகு 1792இல் மார்க்விஸ் ஆனார். பென்டிங்க் வாழ்நாளில் ஒருபோதும் பிரபுப் பட்டம் பெற்றவரே இல்லை. மெக்காலே தன் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதிய 1835இல் வெறும் மிஸ்டர் மெக்காலே. அவர் பாரன் ஆனது 1857இல், இந்தியாவை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து.

வரலாறு எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் ஆங்கில நாவல் படிக்கிறவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். ஒரு மனிதர் தானே பட்டம் பெற்றவரா, அப்பாவின் பட்டத்தில் நிற்கிறவரா, கணவர் வழியாக வந்தவரா என்பதை ஆங்கிலத்தில் பெயர் எழுதும் முறையே சொல்லிவிடும். லார்ட், லேடி, சர் என்ற சொல்லுக்கு அடுத்து என்ன பெயர் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

படி 1: பட்டத்தின் சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கள்

பிரிட்டனில் ஒரு பிரபுப் பட்டம் ஒரு சமயத்தில் ஒரே ஆளுக்குத்தான் சொந்தம். ஐரோப்பாவின் வேறு சில நாடுகளில் குடும்பம் முழுவதும் பிரபு வம்சமாகக் கருதப்பட்டதுண்டு. பிரிட்டனில் அப்படியில்லை. ட்யூக் ஒருவர்தான் பிரபு. அவருடைய மூத்த மகன், இளைய மகன், மகள் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் சாதாரணக் குடிமக்கள். அவர்கள் பெயருக்கு முன் வரும் லார்டும் லேடியும் மரியாதைக்காக வழங்கப்படுபவை. அதனால்தான் இவற்றை மரியாதைப் பட்டங்கள் என்கிறோம்.

இதில் நடைமுறை விளைவும் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், ஏழாவது மார்ல்பரோ ட்யூக்கின் இளைய மகன். பெயரில் லார்ட் இருந்தும் அவர் உட்கார்ந்தது பிரபுக்கள் சபையில் அல்ல, மக்கள் சபையில். நிதியமைச்சராக இருந்ததும் அங்கிருந்துதான். அடுத்த தலைமுறைக்கு மரியாதைப் பட்டம் இறங்கவில்லை. ஆகவே வின்ஸ்டன், ட்யூக்கின் பேரனாக இருந்தும் வெறும் மிஸ்டர். 1953இல் கார்ட்டர் விருது பெற்ற பிறகே சர் வின்ஸ்டன்.

படி 2: ஐந்து நிலைகளையும் வரிசையாக மனத்தில் வையுங்கள்

மேலிருந்து கீழே: ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன்.

இங்கிலாந்தில் முதல் ட்யூக் பட்டம் 1337இல் மூன்றாம் எட்வர்டின் மகனுக்குக் கார்ன்வால் ட்யூக் என்று தரப்பட்டது. மார்க்விஸ் 1385இல் வந்தது, வைகவுன்ட் 1440இல். ஏர்ல் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. நார்மன் படையெடுப்புக்கு முன்பே இருந்தது. ஏர்லின் மனைவி மட்டும் கவுன்டெஸ். மற்றவர்களின் மனைவியர் டச்சஸ், மார்ஷனெஸ், வைகவுன்டெஸ், பாரனெஸ்.

பேச்சில் இந்த ஐந்தும் இரண்டாகச் சுருங்கிவிடும். ட்யூக் தனி. அவரை ஒருபோதும் லார்ட் என்று சொல்லக் கூடாது. ‘லார்ட் டெவன்ஷயர்’ என்று ஒருவர் இல்லை, டெவன்ஷயர் ட்யூக்தான் உண்டு. மீதி நால்வரும் பேச்சில் லார்ட் இன்னார். மார்க்விஸா பாரனா என்பது உறையின் மேலும் ஆவணங்களிலும்தான் தெரியும். ஆண் பாரனை யாரும் ‘பாரன் இன்னார்’ என்று அழைப்பதில்லை. ஆங்கில நாவலில் ஒருவரை எல்லோரும் ‘பாரன்’ என்று கூப்பிட்டால் அவர் பெரும்பாலும் ஜெர்மானியராகவோ பிரெஞ்சுக்காரராகவோ இருப்பார்.

படி 3: குடும்பப் பெயரையும் பட்டப் பெயரையும் பிரியுங்கள்

நம்மவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது. பட்டத்தில் வரும் பெயர் பல சமயம் ஊரின் பெயர். குடும்பப் பெயர் வேறாக இருக்கும்.

சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்குப் பெயர் தந்தவர் 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு. அவருடைய சொந்தப் பெயர் ராபர்ட் பர்க். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு வட்டாரம். 1872இல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட வைசிராய் மேயோ பிரபுவின் பெயர் ரிச்சர்ட் பர்க். இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள்! பட்டங்களை மட்டும் பார்த்தால் அந்த உறவு தெரியவே தெரியாது.

இருவரின் பெயரும் எப்படி மாறியது என்று பாருங்கள். அவர்கள் அப்பா மேயோ ஏர்ல். மூத்தவர் ரிச்சர்ட், அப்பா இருக்கும்வரை லார்ட் நாஸ். 1867இல் அப்பா இறந்ததும் லார்ட் மேயோ. இளையவர் ராபர்ட், ஏர்லின் இளைய மகன் என்பதால் ஹானரபிள் என்ற அடைமொழியோடு ராபர்ட் பர்க், அவ்வளவுதான். சென்னையில் ஆளுநராக இருக்கும்போதே 1887இல் அவருக்கென்று ஒரு பாரன் பட்டம் உருவாக்கப்பட்டது. அன்று முதல் லார்ட் கன்னிமாரா. பிள்ளைகள் இல்லாததால் அவர் 1902இல் இறந்தபோது பட்டமும் அற்றுப்போனது.

குடும்பப் பெயரையே பட்டமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு: கர்சன், மெக்காலே, கார்ன்வாலிஸ். ஆகவே யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் இரண்டு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஆளை ஒரு பக்கத்தில் பர்க் என்றும் மறுபக்கத்தில் கன்னிமாரா என்றும் எழுதி இரண்டு ஆட்களாக்கிவிடும் அபாயம் இருக்கிறது.

படி 4: பிள்ளைகளைப் படியுங்கள்

இங்கேதான் பெயரின் இடம் முழுமையாக வேலை செய்கிறது.

மூத்த மகன்: ட்யூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகிய மூவருக்கும் பொதுவாகக் கீழ்நிலைப் பட்டங்களும் கையில் இருக்கும். அதில் ஒன்றை மூத்த மகன் இரவல் வாங்கிப் பயன்படுத்துவார். டெவன்ஷயர் ட்யூக்கின் மூத்த மகன் ஹார்ட்டிங்டன் மார்க்விஸ். அவருக்கு மூத்த மகன் பிறந்தால் அவர் பர்லிங்டன் ஏர்ல். தாத்தா, மகன், பேரன் மூவரும் மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே வீட்டில் இருப்பார்கள். தாத்தா இறந்தால் எல்லோரும் ஒரு படி மேலே ஏறுவார்கள். பழைய கடிதங்களைப் படிக்கும்போது தேதியைப் பார்க்காமல் ‘லார்ட் ஹார்ட்டிங்டன்’ யார் என்று முடிவு செய்ய முடியாது.

இளைய மகன்கள்: ட்யூக்குக்கும் மார்க்விஸுக்கும் பிறந்தால் லார்ட் என்ற சொல்லோடு சொந்தப் பெயரும் குடும்பப் பெயரும் சேரும். பென்டிங்க் இந்த வகை. மூன்றாவது போர்ட்லண்ட் ட்யூக்கின் இரண்டாவது மகன். லார்ட் வில்லியம் பென்டிங்க் என்பதே சரி. சுருக்கினால் லார்ட் வில்லியம். லார்ட் பென்டிங்க் தவறு. வேலூர்ப் புரட்சி நடந்த 1806இல் சென்னை ஆளுநராக இருந்தவர் இவர்தான். பிற்காலத்தில் கிளாஸ்கோ தொகுதியின் மக்கள் சபை உறுப்பினராகவும் இருந்தார். ஏர்லின் இளைய மகன்களுக்கும், வைகவுன்ட், பாரன் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹானரபிள் மட்டும்.

மகள்கள்: ட்யூக், மார்க்விஸ், ஏர்ல் மூவரின் மகள்களும் லேடி என்ற சொல்லோடு சொந்தப் பெயர். டயானா பிறந்தபோது அவர் அப்பா இன்னும் ஏர்ல் ஆகவில்லை. ஆல்தார்ப் வைகவுன்ட் என்ற இரவல் பட்டத்தில் இருந்தார். அதனால் குழந்தை ஹானரபிள் டயானா ஸ்பென்சர். 1975இல் தாத்தா இறந்து அப்பா எட்டாவது ஸ்பென்சர் ஏர்ல் ஆனார். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒரே நாளில் லேடி டயானா ஸ்பென்சர் ஆனாள்.

மவுன்ட்பேட்டனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நம் நூல்கள் இவரை ‘லூயி மவுன்ட்பேட்டன் பிரபு’ என்று ஒரே பெயரில் முடித்துவிடுகின்றன. 1900இல் பிறந்தபோது அவர் பேட்டன்பர்க் இளவரசர் லூயி. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பெயர்கள் சங்கடமாகிவிட, 1917இல் குடும்பம் அவற்றைக் கைவிட்டது. அப்பா மில்ஃபோர்ட் ஹேவன் மார்க்விஸ் ஆக்கப்பட்டார். மார்க்விஸின் இளைய மகன் என்பதால் இவர் லார்ட் லூயி மவுன்ட்பேட்டன். 1946இல் இவருக்கே வைகவுன்ட் பட்டம் கிடைத்தது. அத்துடன் ‘லூயி’ விழுந்து லார்ட் மவுன்ட்பேட்டன். 1947 மார்ச்சில் தில்லிக்கு வந்தபோது வைகவுன்ட். விடுதலைக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் ஏர்ல். ஆகவே தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் அவர் லார்ட் லூயி, தில்லியில் லார்ட் மவுன்ட்பேட்டன். அவருக்கு மகன்கள் இல்லை. பட்டம் மகளுக்குப் போகலாம் என்று சிறப்பு ஏற்பாடு செய்திருந்ததால், 1979இல் அவர் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரீஷியா கவுன்டெஸ் ஆனார். அந்த ஏற்பாடு இல்லாத பெரும்பாலான பட்டங்கள் ஆண் வாரிசுக்குத்தான் போகும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் முடிசூடும் வரிசையில் ஆண் முன்னுரிமையை நீக்கியது; பிரபுப் பட்டங்களை அது தொடவில்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் நடைமுறை இன்றும் அதுதான்.

படி 5: மனைவியரும் லேடி என்ற சொல்லும்

லேடி என்ற ஒரே சொல்லைப் பல வகைப் பெண்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ட்யூக்கைத் தவிர மற்றப் பிரபுவின் மனைவி: லேடி என்ற சொல்லோடு பட்டப் பெயர். சர் பட்டம் பெற்றவரின் மனைவி: லேடி என்ற சொல்லோடு குடும்பப் பெயர். இந்த இருவருக்கும் சொந்தப் பெயர் நடுவில் வராது. லேடிக்கு அடுத்து அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் வந்தால், அவர் ட்யூக், மார்க்விஸ், ஏர்ல் வீட்டு மகள்.

சென்னையிலேயே இரண்டு முறைக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. மயிலாப்பூரில் லேடி சிவசாமி அய்யர் பெண்கள் பள்ளி. சர் பி.எஸ். சிவசாமி அய்யரின் மனைவி என்பதால் இது பிரிட்டிஷ் முறைப்படி அப்படியே பொருந்துகிறது. சேத்துப்பட்டுப் பக்கம் லேடி ஆண்டாள் பள்ளி. ஆண்டாள் அம்மையார், உயர் நீதிமன்ற நீதிபதி சர் முத்தா வெங்கடசுப்பா ராவின் மனைவி; இருவரும் சேர்ந்து மெட்ராஸ் சேவா சதனைத் தொடங்கியவர்கள். லண்டன் முறைப்படி அவர் லேடி வெங்கடசுப்பா ராவ். ‘லேடி ஆண்டாள்’ என்றால் ஒரு ஏர்லின் மகள் என்றே ஆங்கிலேயர் நினைப்பார். ஆனாலும் அவருடைய சொந்தப் பெயரையே ஊர் பிடித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. கணவர் பெயருக்குள் காணாமல் போகாமல் தன் பெயரிலேயே நினைக்கப்படுகிறார்.

லார்ட் வில்லியம் மாதிரியான இளைய மகன்களின் மனைவியர் கணவரின் சொந்தப் பெயரையே ஏற்பார்கள். சர்ச்சிலின் அம்மா ஜென்னி, ஊருக்கு லேடி ராண்டால்ஃப் சர்ச்சில். இன்றைய அரச குடும்பத்தில் கென்ட் இளவரசர் மைக்கேலின் மனைவி ‘பிரின்சஸ் மைக்கேல்’ என்று அழைக்கப்படுவதும் இதே விதிப்படிதான்.

மணமுறிவுக்குப் பிறகு சொந்தப் பெயர் முன்னால் வந்து, பட்டம் பின்னால் போகும். 1981 முதல் த பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் என்றிருந்தவர் 1996க்குப் பிறகு டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ். ‘பிரின்சஸ் டயானா’ என்பது உலகமே சொன்ன பெயர். முறையான பட்டமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

எதிர்த்திசையில் எதுவும் போகாது. மனைவி பாரனெஸ் ஆனாலும் டேம் ஆனாலும் கணவருக்கு ஒன்றும் கிடைக்காது.

படி 6: சர், டேம், பாரனெட்

இவர்கள் பிரபுக்கள் அல்லர். சர் பட்டம் வாழ்நாளுக்கு மட்டும். அதற்குப் பின் சொந்தப் பெயர் கட்டாயம் வர வேண்டும். தீவுத்திடலில் சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ, முழுப் பெயரில் சர் தாமஸ் மன்றோ, சுருக்கமாக சர் தாமஸ். ‘சர் மன்றோ’ என்று எழுதக் கூடாது. பெண்களுக்கு டேம், அதே விதி. அகதா கிறிஸ்டிக்கு இரண்டும் இருந்தன. 1968இல் கணவர் மாக்ஸ் மாலோவன் சர் ஆனதால் லேடி மாலோவன். 1971இல் தன் எழுத்துக்காகவே டேம் அகதா.

பிரிட்டிஷ் பேரரசு விருதில் ஐந்து படிகள் உண்டு. மேல் இரண்டு படிகளுக்கு மட்டுமே சர், டேம். மற்றவர்கள் பெயருக்குப் பின் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பாரனெட் என்பது பரம்பரையாக வரும் சர். அயர்லாந்தின் அல்ஸ்டரில் படை வைக்கப் பணம் தேவைப்பட்டதால் 1611இல் முதலாம் ஜேம்ஸ் உண்டாக்கியது. மார்கரெட் தாட்சர் பிரதமர் பதவியை விட்ட பிறகு கணவர் டெனிஸுக்கு இந்தப் பட்டம் தரப்பட்டது. அதனால் மகன் மார்க், 2003 முதல் சர் மார்க்.

தமிழ்ப் பெயர்களோடு இந்த விதி மோதும் இடம் சுவையானது. நம் பெயரில் முன்னால் நிற்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஆங்கிலேயர் முறைப்படி முதல் பெயரைச் சொன்னால் பட்டம் அப்பாவுக்குப் போய்விடும். இலங்கையில் சேர் பொன். இராமநாதன், சேர் பொன். அருணாசலம் என்ற சகோதரர் இருவரும் ‘சேர் பொன்னம்பலம்’ ஆகியிருப்பார்கள். திருவிதாங்கூர் திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயருக்கு மக்களே ஒரு வழி கண்டார்கள்: சர் சி.பி. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012இல் சர் பட்டம் கிடைத்தது. அவர் விஷயத்தில் சிக்கலே இல்லை. முன்னால் நிற்பது அவருடைய சொந்தப் பெயர்தான்.

பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராக ஏற்காத நாட்டின் குடிமக்களுக்குக் கிடைப்பது கௌரவ விருது. எழுத்துகளைச் சேர்க்கலாம், சர் என்று போட முடியாது. 2005இல் பெற்ற பில் கேட்ஸும் 2014இல் பெற்ற ரத்தன் டாட்டாவும் சர் அல்லர். வெளிநாட்டுப் பட்டங்களை இந்தியக் குடிமக்கள் ஏற்பதை நம் அரசியலமைப்பின் 18ஆவது பிரிவும் தடுக்கிறது.

படி 7: இன்றைய லார்டுகள்

இன்று செய்தியில் அடிபடும் லார்டுகளில் பெரும்பாலோர் வாழ்நாள் பிரபுக்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பரவலாக்கியது. பட்டம் பாரன் அல்லது பாரனெஸ், இறந்தால் முடிந்தது. பிள்ளைகளுக்கு ஹானரபிள் மட்டும் மிஞ்சும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களின் சபை இருக்கையைப் பறித்தது, பட்டத்தைப் பறிக்கவில்லை.

தொழிலதிபர் ஆலன் சுகர் 2000இல் சர் ஆலன். 2009இல் லார்ட் சுகர். சர் சொந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும், லார்ட் அதைத் தள்ளிவிடும். பத்திரிகைகளில் வரும் ‘லார்ட் ஆலன் சுகர்’ தவறு. அப்படி எழுதினால் அவர் ஏதோ ஒரு ட்யூக்கின் இளைய மகன் என்று பொருள். தாட்சர் 1992இல் தன் சொந்த உரிமையில் பாரனெஸ் தாட்சர் ஆனார். அதற்கு முன் டெனிஸின் மனைவியாக லேடி தாட்சர். இரண்டு நிலையிலும் லேடி தாட்சர் என்று அழைப்பது சரி, காரணம்தான் வேறு.

பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. 1919இல் பாரன் சின்ஹா ஆகி, அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் முன்னின்று நடத்தினார்.

படி 8: நேரிலும் கடிதத்திலும்

ட்யூக்கையும் டச்சஸையும் முறையாக ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள். சமமாகப் பழகும் இடத்தில் ‘ட்யூக்’, ‘டச்சஸ்’ என்றே போதும். மற்றப் பிரபுக்களுக்கு லார்ட் இன்னார், லேடி இன்னார். கடிதத் தொடக்கமும் அதேதான்: டியர் லார்ட் இன்னார். ‘மை லார்ட்’ இப்போது பணியாளர்களிடமும் நீதிமன்றத்திலுமே அதிகம் கேட்கும். உயர் நீதிமன்ற நீதிபதியை அப்படி அழைப்பது பதவிக்காக, பிரபு என்பதற்காக அல்ல. ஹானரபிள் என்பதை வாயால் சொல்லவே கூடாது. உறையின் மேல் மட்டும் எழுதி, நேரில் மிஸ்டர் என்று அழைக்க வேண்டும்.

உறையில் மார்க்விஸுக்கு மோஸ்ட் ஹானரபிள். ஏர்ல், வைகவுன்ட், பாரனுக்கு ரைட் ஹானரபிள். மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் உறுப்பினர்களுக்கும் ரைட் ஹானரபிள் உண்டு. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரிக்கு 1921இல் அந்த உறுப்பினர் பதவி கிடைத்தது. தமிழில் அவரை மகாகனம் சாஸ்திரி என்று எழுதினார்கள். பட்டம் எதுவும் இல்லாதவருக்கும் இந்த அடைமொழி இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

மன்னரை முதலில் ‘யுவர் மெஜஸ்டி’, பிறகு பேச்சு முழுக்க ‘சர்’. இளவரசர்களுக்கு முதலில் ‘யுவர் ராயல் ஹைனஸ்’, அப்புறம் ‘சர்’ அல்லது ‘மேம்’. அரச குடும்பத்து ட்யூக்குகளுக்கும் இதுதான். அவர்களுக்கு யுவர் கிரேஸ் கிடையாது.

படி 9: ஒருவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

கற்றது பிடிபட்டதா என்று பார்க்க பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அலெக் டக்ளஸ்-ஹோமை விட நல்ல ஆள் கிடையாது. ஹோம் என்று எழுதினாலும் ஹ்யூம் என்று உச்சரிக்க வேண்டும்.

1931இல் மக்கள் சபைக்கு வந்தபோது அவர் பெயர் லார்ட் டங்ளாஸ். லார்ட் எப்படி மக்கள் சபையில்? ஏர்லின் மூத்த மகன், இரவல் பட்டம், படி 4. அந்தப் பெயரில்தான் 1938இல் அன்றைய பிரதமர் சேம்பர்லினோடு மியூனிக் போனார். 1951இல் அப்பா இறந்தார். இவர் பதினான்காவது ஹோம் ஏர்ல், லார்ட் ஹோம். இப்போது பட்டம் சொந்தம் என்பதால் மக்கள் சபையை விட்டுப் பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டியதாயிற்று. நாடக ஆசிரியரான அவர் தம்பி வில்லியம், ஹானரபிள் மட்டும்.

1963இல் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் பட்டம் வேண்டாம், மக்கள் சபையே வேண்டும் என்று டோனி பென் நடத்திய நீண்ட போராட்டத்தின் பலன் அது. அதே சட்டத்தைப் பயன்படுத்தி, அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமரான ஹோம், ஏர்ல் பட்டத்தைத் துறந்து மக்கள் சபைத் தேர்தலில் நின்றார். ஆனால் மிஸ்டர் ஆகவில்லை. ஏற்கெனவே திசில் விருது பெற்றிருந்ததால் சர் அலெக். சொந்தப் பெயர் முன்னால் வந்துவிட்டதைக் கவனியுங்கள். 1974இல் வாழ்நாள் பிரபுவாக மறுபடி லார்ட் ஹோம், இந்த முறை லார்ட் ஹோம் ஆஃப் த ஹர்சல். துறவு துறந்தவரை மட்டுமே கட்டும் என்பதால், அவர் 1995இல் இறந்ததும் மகன் டேவிட் பதினைந்தாவது ஹோம் ஏர்ல் ஆனார்.